சீலியாக் நோய்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தலாமா?

வயிறு ஊதுகிறது, அடிக்கடி பேதியாகிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை தீரவில்லை. கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு ரொட்டி சானாயையும் சப்பாத்தியையும் நிறுத்துகிறோம். சில மாதம் கழித்து ரத்தம் சோதித்தால் 'ஒன்றுமில்லை' என்று வரலாம். ஆனால் சீலியாக் நோயைப் பொறுத்தவரை அந்த முடிவை நம்ப முடியாது.

இது சாப்பிட்டவுடன் தடிப்பு வரும் ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, நோய் எதிர்ப்புச் சக்தி நம் சிறுகுடலையே தாக்கும் நோய்.

குளூட்டன் முழுதாகச் செரிப்பதில்லை. மிஞ்சும் துண்டுகள் குடல் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதி அவற்றைப் பிடித்துச் சற்று மாற்றுகிறது. டிகியூ2 அல்லது டிகியூ8 மரபணு உள்ளவர்களிடம், மாறிய துண்டை டி செல்கள் எதிரியாக எடுத்துக்கொள்ளக்கூடும். குடல் சுவரைச் சிதைப்பதில் பெரும்பங்கு இந்த டி செல்களுக்குத்தான்.

கோதுமைதான் எதிரி என்றால், நம் நொதிக்கு எதிராக ஏன் எதிர்ப்பொருள் உருவாகிறது? 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்த நொதியே இலக்கு என்று கண்டுபிடித்தபோது எழுந்த கேள்வி இது. பலரும் ஏற்கும் விளக்கம் எளிமையானது. நொதியும் குளூட்டன் துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நொதியை அடையாளம் காணும் பி செல் இரண்டையும் சேர்த்தே விழுங்கி, குளூட்டன் துண்டை டி செல்லிடம் காட்டுகிறது. டி செல் கோதுமையை நினைத்து உத்தரவு தருகிறது. பி செல்லோ நொதிக்கு எதிரான பொருளைத் தயாரிக்கிறது. கோதுமை நின்றால் உத்தரவும் நிற்கும், எதிர்ப்பொருளும் மெல்லக் குறையும். பரிசோதனை ஏமாற்றுவது அதனால்தான்.

'அது வட இந்தியர் நோய், நமக்கு வராது' என்பார்கள். 2016இல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கில் ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தெற்கில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கே. ஆனால் மரபணு இரு பக்கமும் மூவரில் ஒருவருக்கு மேல் இருந்தது! பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்: வடக்கில் நாளுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். பத்து காஜாவில் இன்று நாம் பசியாறுவது ரொட்டியும் மீயும் என்றால், தாத்தா காலத்துக் கணக்கு நமக்குப் பொருந்தாது. மலேசியாவில் 562 ஆரோக்கியமான இளையோரைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், 7 பேர் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாதுதான்.

சந்தேகம் இருந்தால் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே மருத்துவரைப் பாருங்கள். ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே சிலருக்கு உடலில் குறைவு. அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபியில் குடல் திசு எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

உறுதியானால் வாழ்நாள் முழுதும் குளூட்டன் கூடாது. சோறு, இடியாப்பம், வீட்டில் அரைத்த தோசை மாவு பயமில்லை. ரவை கோதுமைதான். கிச்சாப் போத்தலையும் கூட்டுப் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை இருக்கும்.