வழிகாட்டி மதிப்பு வேறு, வீட்டின் விலை வேறு

நம் குடியிருப்பில் யாராவது வீட்டை விற்கப் போவதாகச் சொன்னால் முதலில் எழும் கேள்வி, "நம்ம தெருவுக்கு கைடுலைன் எவ்வளவு சார்?" என்பதுதான். அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை பேசும்போதும் அதே எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த எண் எதற்காக வந்தது என்று தெரிந்தால், அதை வைத்து ஏமாறாமல் இருக்கலாம்.

1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டப்படி, கிரையப் பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் தீர்வை. அந்தத் தொகை சரிதானா என்று விசாரிக்க மூலச் சட்டம் இடம் தரவில்லை. 1972-இல் ஹிமாலயா ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கைமாறுவது ஒரு தொகை, பத்திரத்தில் ஏறுவது வேறு தொகை என்ற வழக்கம் வளர இது போதுமானதாக இருந்தது.

நம் மாநிலம் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. 1967-இல் 47-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பத்திரத்தில் உண்மையான சந்தை மதிப்பு காட்டப்படவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், பதிவு அலுவலர் பதிவை முடித்துவிட்டு, மதிப்பை நிர்ணயிக்கும்படி ஆட்சியருக்கு அனுப்பலாம். குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று அலுவலர் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு உதவியாகத் தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் தயாரானதே வழிகாட்டிப் பதிவேடு.

மத்திய அரசு வேறு வழியில் போனது. 1986 அக்டோபரில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், 10 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்தை விற்குமுன் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. விலை குறைவாகத் தோன்றினால், அதே விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளும். இரு தரப்பையும் விசாரிக்காமல் அப்படி வாங்கக்கூடாது என்று 1992-இல் சி.பி. கௌதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002 ஜூலையில் அந்த ஏற்பாடு முடிந்தது. 2003 முதல் 50-சி பிரிவு வந்தது. முத்திரைக்கான மதிப்பைவிடப் பத்திரத் தொகை குறைவாக இருந்தால், விற்றவரின் மூலதன ஆதாயம் முத்திரை மதிப்பின்படியே கணக்கிடப்படும். சிறு வித்தியாசத்துக்குச் சலுகை உண்டு.

இவை எல்லாமே வரிக்காகச் செய்த ஏற்பாடுகள். 1994-இல் ஜவாஜி நாகநாதம் வழக்கில், ஆந்திராவின் அடிப்படை மதிப்புப் பதிவேட்டை வைத்து நிலத்தின் சந்தை மதிப்பை முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு திருத்தப்பட்டது. 2017 ஜூன் 9 அன்று 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே சமயம் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கே உயர்ந்தது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2024-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் புதிய மதிப்பு வந்தது. 2017 ஜூனில் ஒரே இரவில் நம் வீடுகளின் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்ததா? இல்லையே!

அப்படியானால் விலையை எப்படி அறிவது? வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். அடுக்ககம் என்றால் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பார்ப்பார்கள். கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். சாலை அகலம், தண்ணீர், வில்லங்கம் எல்லாம் கணக்கில் வரும். கடைசியில், அதே தெருவில் அண்மையில் கைமாறிய விலையோடு ஒப்பிடுவார்கள்.

அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் நாம் எழுதும் பத்திரங்கள்தான். சாலைக்கோ மெட்ரோவுக்கோ நிலம் எடுத்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரையங்களும் இழப்பீட்டைத் தீர்மானிக்கும். இன்று ஒருவர் தீர்வையை மிச்சப்படுத்தக் குறைத்து எழுதினால், நாளை அடுத்த வீட்டுக்காரரும் சேர்ந்து நஷ்டப்படலாம். ஆகவே விற்பவர்களும் பாகம் பிரிப்பவர்களும் வழிகாட்டி மதிப்பைத் தீர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலைக்கு ஒரு மதிப்பீட்டாளரைக் கேளுங்கள். பத்திரத்தில் உண்மைத் தொகையையே எழுதுங்கள்.