தம்மை விட்ட டாக்டர்களும் விட முடியாத சித்தப்பாவும்

எங்க சித்தப்பா சிகரெட்டை அஞ்சு தடவை விட்டவர். அஞ்சு தடவையும் திரும்ப ஆரம்பிச்சவர். ஐயப்பனுக்கு மாலை போட்டா 41 நாளும் கையால தொட மாட்டார். மலையிலிருந்து வந்து மாலையைக் கழட்டின அன்னைக்குச் சாயங்காலமே தெருமுனை டீக்கடையில புகை கிளம்பிடும்.

"சாமிக்குப் பயந்து இருக்க முடியுது, உனக்காக இருக்க முடியலையா? வைராக்கியம் இல்ல, அவ்வளவுதான்"னு பாட்டி திட்டுவாங்க. பாட்டி மட்டுமில்ல, நானும் காலேஜ் படிக்கிற வயசுல பெரிய மனுஷன் மாதிரி, "மனசு வெச்சா முடியும் சித்தப்பா"ன்னு சொல்லியிருக்கேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "மனசு வெச்சுத்தாண்டா அஞ்சு தடவை விட்டேன்" அப்படிம்பார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. நுரையீரல்தான். அவர் சொன்னதை அப்ப எல்லாரும் ஜோக்னு நினைச்சோம். சமீபத்துல சிகரெட்டை விடறதைப் பத்தின வரலாறைக் கொஞ்சம் கொஞ்சமா படிச்சப்போதான் அது ஜோக் இல்லன்னு புரிஞ்சுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. 1948-ல பிரிட்டன் ஆம்பளைங்கள்ல 82 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில புகையிலை பிடிச்சாங்க. சிகரெட், பைப், சுருட்டு எல்லாம் சேர்த்து. டாக்டர்களும் இதுல அடக்கம். அதே சமயத்துல நுரையீரல் புற்றுநோய் சாவு மளமளன்னு ஏறிக்கிட்டிருந்தது. ஏன்னு கண்டுபிடிக்கற வேலை ரெண்டு பேர் கைக்கு வந்தது. ஒருத்தர் புள்ளியியல் பேராசிரியர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். இன்னொருத்தர் இளம் டாக்டர் ரிச்சர்ட் டால்.

டாலுக்கு ஆரம்பத்துல சிகரெட் மேல பெருசா சந்தேகமே இல்ல. ரோட்டுல போடற தார், கார் புகை, இதுல ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைச்சார். அவரே தம் அடிக்கிறவர்தான். லண்டன்ல 20 ஆஸ்பத்திரியில நோயாளிகளைப் பேட்டி எடுத்தாங்க. நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்கள்ல புகைக்காதவங்க எத்தனை பேர் தெரியுமா? ரெண்டே ரெண்டு பேர். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த மத்த நோயாளிகள் 649 பேர்ல 27 பேர் புகைக்காதவங்க. ஆய்வு பாதி தாண்டினப்பவே கணக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு டாலுக்குத் தெரிஞ்சுபோச்சு. கட்டுரை 1950 செப்டம்பர்ல அச்சுல வர்றதுக்கு முன்னாடியே அவர் சிகரெட்டை விட்டுட்டார்.

அடுத்து அவங்க செஞ்சதுதான் சூப்பர் ஐடியா. 1951 அக்டோபர்ல பிரிட்டன்ல இருந்த கிட்டத்தட்ட 60,000 டாக்டர்களுக்குக் கடிதம் போட்டாங்க. புகைப்பீங்களா, எவ்வளவு, எப்ப ஆரம்பிச்சீங்க, விட்டீங்களான்னு சின்னதா சில கேள்வி. 40,000 பேருக்கு மேல பதில் போட்டாங்க. டாக்டர்னா பதிவேட்டுல பேர் இருக்கும், செத்தா காரணம் தெரியவரும். அதனாலதான் டாக்டர்கள். 1954-ல முதல் கணக்கு வந்தது. 35 வயசுக்கு மேற்பட்ட ஆண் டாக்டர்கள்ல 36 பேர் நுரையீரல் புற்றுநோய்ல போயிருந்தாங்க. அதுல புகைக்காதவர் ஒருத்தர்கூட இல்ல.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. யாரைக் கண்காணிச்சாங்களோ அந்த டாக்டர்களே மத்த ஜனங்களைவிட வேகமா சிகரெட்டை விட ஆரம்பிச்சாங்க. பத்திரிகையில வந்த கணக்குல செத்திருக்கிறது தன்கூடப் படிச்சவன், பக்கத்து ஆஸ்பத்திரிக்காரன். இதைவிட வேறென்ன காரணம் வேணும்?

இங்கேயே நிறுத்தியிருந்தா எங்க பாட்டி சொன்னது சரின்னு ஆகியிருக்கும். உண்மை தெரியணும், பயம் வரணும், மனசு வைக்கணும், முடிஞ்சது கதை. ஆனா அதே காலத்துலயே இந்தக் கணக்கு இடிக்குது.

1954 பிப்ரவரி 12. பிரிட்டன் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோட் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குன்னு அறிவிச்சார். எப்படி? கூட்டம் முழுக்க ஒண்ணு மாத்தி ஒண்ணு சிகரெட்டைப் பத்தவெச்சுக்கிட்டே! உண்மை தெரியாதவர்னு அவரைச் சொல்ல முடியுமா? அறிவிச்சதே அவர்தானே.

அமெரிக்காவுல இவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு அறுவை மருத்துவர். செயின்ட் லூயிஸ்காரர். 1933-ல புற்றுநோய் வந்த ஒருத்தருக்கு ஒரு பக்க நுரையீரலை முழுசா எடுத்துப் பிழைக்கவெச்ச முதல் ஆள். அவரும் ஓயாம சிகரெட் பிடிக்கிறவர். எர்ன்ஸ்ட் விண்டர்ங்கற மருத்துவ மாணவன் சிகரெட்டைப் பத்தி ஆய்வு பண்ணணும்னு வந்தப்ப, கிரஹாமுக்கு நம்பிக்கையே இல்ல. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து 684 நோயாளிகளை வெச்சு 1950 மே மாசம் வெளியிட்ட கட்டுரை, டால் கட்டுரைக்கு முன்னாடியே அதே உண்மையைச் சொல்லிடுச்சு. கிரஹாம் 1950-களோட தொடக்கத்துல ஒருவழியா சிகரெட்டை விட்டார். ஆனா அது ஐம்பது வருஷப் பழக்கம். 1957 மார்ச்சுல நுரையீரல் புற்றுநோய்லயே இறந்தார். 1933-ல அவர் நுரையீரலை எடுத்த அந்த நோயாளி அப்ப உயிரோட இருந்தார்.

கிரஹாமைவிட நுரையீரல் பத்தி யாருக்குத் தெரியும்? கையால எடுத்துப் பார்த்தவர். அவருக்கே அவ்வளவு காலம் பிடிச்சதுன்னா, 'தெரிஞ்சா விட்டுடுவான்'ங்கறதுல எங்கேயோ ஓட்டை இருக்குன்னுதானே அர்த்தம்?

அந்த ஓட்டை எங்கேன்னு காட்டினதுல முக்கியமானவர் மைக்கேல் ரஸ்ஸல். தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் போன மனநல மருத்துவர். 1979-ல ஒரு எளிமையான ஆய்வை வெளியிட்டார். லண்டன்ல 28 குடும்ப டாக்டர்கள், அவங்ககிட்ட சளி, காய்ச்சல்னு வந்த புகைப்பவங்க 2,138 பேர். நாலு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லல. ரெண்டாவதுக்குக் கேள்வித்தாள் மட்டும். மூணாவதுக்கு டாக்டர் ஒண்ணு ரெண்டு நிமிஷம் "விட்டுடுங்க"ன்னு சொன்னார். நாலாவதுக்கு அதோட ஒரு துண்டுப்பிரசுரம், "திரும்ப வந்து விசாரிப்போம்"ங்கற எச்சரிக்கையும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, விட்டு நின்னவங்க வரிசையா 0.3, 1.6, 3.3, 5.1 சதவீதம்.

5 சதவீதம்தானான்னு உதட்டைப் பிதுக்காதீங்க. நாட்டுல இருக்கற எல்லா குடும்ப டாக்டரும் இந்த ரெண்டு நிமிஷத்தைச் செலவு பண்ணினா வருஷத்துக்கு அஞ்சு லட்சம் பேர் விட்டுடுவாங்கன்னு ரஸ்ஸல் கணக்குப் போட்டார். ஆனா என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது இன்னொரு விஷயம். டாக்டர் சொன்னதால *முயற்சி பண்ணினவங்க* எண்ணிக்கைதான் கூடுச்சு. முயற்சி பண்ணினவங்கள்ல ஜெயிச்சவங்க விகிதம் கூடல!

அதாவது, கதவைத் திறக்கற சாவி ஒண்ணு. உள்ள போய் நிக்கறதுக்கு வேண்டியது வேற ஒண்ணு.

அந்த வேற ஒண்ணு என்ன? ஸ்வீடன்ல கார்ல் ஃபேகர்ஸ்ட்ராம்னு ஒரு உளவியலாளர், 1978-ல சிகரெட் ஒருத்தரை எவ்வளவு பிடிச்சு வெச்சிருக்குன்னு அளக்கறதுக்கு ஒரு கேள்வித்தாள் போட்டார். 1991-ல அதை ஆறு கேள்வியாச் சுருக்கினாங்க. அதுல ராஜா மாதிரி ஒரு கேள்வி: தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்? அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா 3 மார்க். ஒரு மணி நேரம் தாண்டினா பூஜ்யம். இந்தப் பரீட்சையில மார்க் கூடக் கூட விடறது கஷ்டம் :-)

இதுக்குக் காரணம் சுலபம். ரத்தத்துல நிகோடின் சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பாதியாகும். எட்டு மணி நேரம் தூங்கினா பதினாறுல ஒரு பங்குதான் மிச்சம். நம்ம ஊர் பாஷையில முக்காலே மூணு வீசம் காலி (கணக்கு அச்சா பொருந்துது பாருங்க). அந்தக் காலி நிலைமையில உடம்பு எவ்வளவு நேரம் பொறுக்குதுங்கறதுதான் அந்தக் கேள்வி. ராபர்ட் வெஸ்ட் முதலானவங்க 2011-ல பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்தாங்க. ஆசை, பயம், உறுதி இதெல்லாம் யார் முயற்சி பண்ணுவாங்கன்னு சொல்லுது. யார் ஜெயிப்பாங்கன்னு தொடர்ந்து சொன்னது, அவங்க எவ்வளவு அடிமைப்பட்டிருக்காங்கங்கறது மட்டும்தான்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணுல வந்தது எங்க வீட்டுக் கிணத்தடி. சித்தப்பா பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே அங்க நின்னு பத்தவெப்பார். காபிகூட அப்புறம்தான். 3 மார்க். அவர்கிட்ட இருந்த வைராக்கியத்தை நாங்க அளந்துக்கிட்டிருந்தோம். அளக்க வேண்டியது அந்த அஞ்சு நிமிஷத்தை.

வெஸ்ட் 2006-ல இன்னொரு ஆய்வும் வெளியிட்டார். இங்கிலாந்துல விட முயற்சி பண்ணினவங்கள்ல பாதிப்பேர் நாள் குறிக்காம, திட்டம் போடாம, திடீர்னு விட்டவங்க. அப்படி விட்டவங்கள்ல 65 சதவீதம் பேர் ஆறு மாசமாவது தாக்குப்பிடிச்சாங்க. திட்டம் போட்டவங்கள்ல 42 சதவீதம்தான். 'பொங்கலிலிருந்து விடறேன்'னு சொல்றவங்க கவனிக்க!

அப்போ 41 நாள் எப்படி முடிஞ்சுது? நியாயமான கேள்வி. அதுக்கும் பதில் மாதிரி ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கற ஊர்ல பல வருஷமா நடக்கற இதய ஆய்வு. அதுல இருந்த 12,067 பேரோட 1971 முதல் 2003 வரைக்குமான கணக்கை எடுத்து, யாருக்கு யார் சொந்தம், யார் நண்பர்னு வலை மாதிரி கோத்து, 2008-ல கிறிஸ்டகிஸ், ஃபௌலர் ரெண்டு பேரும் வெளியிட்டாங்க. புருஷன் பொஞ்சாதியில ஒருத்தர் விட்டா மத்தவர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறையுது. நண்பர் விட்டா 36 சதவீதம். ஜனங்க தனித்தனியா விடல, கூட்டம் கூட்டமா விட்டாங்க. (ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் விட்டாங்களா, இல்ல ஒரே மாதிரி ஆளுங்க ஒண்ணா இருந்ததாலயான்னு இன்னமும் சண்டை போடறாங்க. அது தனிக்கதை.)

மாலை போட்ட 41 நாளும் சித்தப்பாவைச் சுத்தி இருந்தது பத்து சாமிங்க. விடிகாலையில எழுந்தா கிணத்தடியில சிகரெட்டுக்குப் பதிலா பச்சைத்தண்ணிக் குளியல். யாரும் தீப்பெட்டி நீட்ட மாட்டாங்க, "சாமி"ன்னு கூப்பிடுவாங்க. மாலை கழட்டினதும் அதே பெஞ்சு, அதே நண்பர்கள், "வாய்யா, ஒண்ணு போடு". பயம் போனதால அவர் திரும்ப ஆரம்பிக்கல. கூட்டம் மாறினதால ஆரம்பிச்சார்னு இப்ப தோணுது.

உடம்போட பசிக்கும் வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. 1967 டிசம்பர்ல ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மருந்து கம்பெனியில இருந்த ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் போட்டாங்க. நீர்மூழ்கிக் கப்பல்ல புகைக்க முடியாத மாலுமிங்க புகையிலையை வாயில போட்டுச் சமாளிக்கிறாங்க, அப்போ புகை இல்லாம நிகோடினை மட்டும் கொடுத்தா என்னன்னு. அதுலேர்ந்து வந்ததுதான் நிகோடின் சூயிங்கம். 1978-ல சுவிட்சர்லாந்துல முதல்ல அனுமதி கிடைச்சது. இந்த சூயிங்கம், ஒட்டற பட்டை வகையறாவெல்லாம் விடறதுல ஜெயிக்கற வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுதுன்னு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. மந்திரம் இல்ல. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தைத் தாண்ட ஒரு கைத்தடி.

கடைசியா டாலுக்கே வர்றேன். அந்த டாக்டர்களை அவர் விடாம 50 வருஷம் பின்தொடர்ந்தார். 2004 ஜூன்ல, தன்னோட 91 வயசுல, கடைசிக் கணக்கை வெளியிட்டார். தொடர்ந்து புகைச்சவங்க சராசரியா 10 வருஷ ஆயுளை இழந்தாங்க. 30 வயசுல விட்டா அந்த 10 வருஷமும் கிட்டத்தட்டத் திரும்பக் கிடைக்குது. 40-ல விட்டா 9, 50-ல 6, 60-ல விட்டாக்கூட 3. அடுத்த வருஷம் டால் 92 வயசுல காலமானார். 37 வயசு ஆகறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ விட்டவர், தன் கணக்குக்குத் தானே சாட்சி.

சித்தப்பா அஞ்சாவது தடவை விட்டப்போ அவருக்கு 57. அதுக்கப்புறம் ஆறாவது தடவை முயற்சி பண்ணவே இல்ல. "நமக்கெல்லாம் அது வராதுடா"ன்னு முடிவு பண்ணிட்டார். அந்த முடிவுல எங்க எல்லாரோட வாய்க்கும் பங்கு இருக்கு. அஞ்சு தடவை முயற்சி பண்ணின மனுஷனுக்கு மனசுக்கா பஞ்சம்? யாராவது ஒருத்தர், "காலையில முதல் சிகரெட் எத்தனை மணிக்கு சித்தப்பா? வாங்க, டாக்டரைப் பார்ப்போம். ஒரு மாசத்துக்கு டீயை வீட்லயே குடிப்போம்"னு சொல்லியிருக்கலாம். அந்த ஒருத்தர் நானா இருந்திருக்கலாம்.

டிஸ்கி 1: இந்தியாவுல 2018-லேர்ந்து சிகரெட் பாக்கெட் மேலயே புகைப்பதை விட உதவற இலவசத் தொலைபேசி எண்ணை அச்சடிக்கறாங்க. அடுத்த தடவை பாக்கெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க.

டிஸ்கி 2: விட்டவங்க, விட்டுட்டுத் திரும்பினவங்க, ரெண்டு கட்சியும் பின்னூட்டத்துல உங்க கதையைச் சொல்லுங்க. அறிவுரை சொல்றவங்க மட்டும் தயவுசெஞ்சு இந்தப் பதிவை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க :-)