ஐந்தின் மேல் ஒரு புள்ளி: தொடுதிரை, ரகசிய எண், பார்வையற்றோரின் அணுகலுரிமை

ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம், உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், நாட்டில் அணுகல்வசதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. அதைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டாயமாக்கியதை 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1)ஆம் விதி வெறும் வழிகாட்டலாகக் குறுக்கிவிட்டது. ஆகவே அது செல்லாது என்றது நீதிமன்றம். எவரும் விலக்கிக்கொள்ள முடியாத குறைந்தபட்ச நெறிகளைத் தனியே பிரித்து எழுதும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. கட்டடங்களிலும் பேருந்துகளிலும் இதன் விளைவு என்ன என்பது ஓரளவு பேசப்பட்டுவிட்டது. தொடுதிரையைப் பற்றிய எழுத்து குறைவு. இருப்பதும் பெரும்பாலும் ஒரே முடிவில் போய் நிற்கிறது. திரை பேசினால் போதும், விரலுக்கென்று தனியாக எதுவும் தர வேண்டியதில்லை என்பது அந்த முடிவு. அது கருவிகளின் அணுகலுக்கான தரநூலின் ஒரு வாக்கியத்தைப் பாதியோடு நிறுத்திப் படித்ததால் வந்தது என்பது என் வாதம்.

முதலில் சட்டத்தின் சொற்களைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மூன்று கடமைகளைச் சொல்கிறது. முதல் இரண்டும் உள்ளடக்கம், ஊடகம் பற்றியவை. மூன்றாவது, அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்களும் கருவிகளும் அனைவருக்குமான வடிவமைப்பில் கிடைக்க வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு வந்த விதியிலோ இந்த மூன்றாவது கடமை காணாமல் போயிற்று. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்ற தலைப்பில் அது சொன்னவை இரண்டே: அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டல், ஆவணங்கள் இபப் அல்லது எழுத்துணரி வழிப்பட்ட பிடிஎஃப் வடிவில் இருக்க வேண்டும் என்பது. சட்டம் கையில் பிடிக்கும் பொருளைப் பேசியது. விதி படிக்கும் பக்கத்தை மட்டும் பேசியது. பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினால் அணுகல் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் நம் புலத்தில் ஆழமாக வேரூன்றியதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். 2023 மே மாதத் திருத்தத்தில் ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநூல் விதிக்குள் வந்தபோதுதான் கருவிகள் மீண்டும் கணக்கில் சேர்ந்தன.

அந்தத் தரநூலுக்கு முன்மாதிரி இ.என். 301 549 என்ற ஐரோப்பியத் தரநூல். கருத்து வேறுபாடு அதன் இரண்டு இடங்களைப் பற்றியது. 8.4.1ஆம் கூறு எண்விசைகளைப் பற்றியது: செவ்வக வரிசையில் அமைந்த எண்விசைகள் பொருளாகத் தரப்பட்டிருக்குமானால், ஐந்தாம் எண் விசை மற்றவற்றிலிருந்து தொட்டறியும்படி வேறுபட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 5.5.2ஆம் கூறு பொதுவானது: இயக்கும் உறுப்புகள் உள்ள எந்தக் கருவியும், அவை ஒவ்வொன்றையும் பார்வையின் தேவையின்றியும், அதற்குரிய செயலை நிகழ்த்திவிடாமலும் பிரித்தறிய ஒரு வழி தர வேண்டும். தொட்டறியும்படி அமைப்பது இதை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று என்று அதன் கீழே ஒரு குறிப்பும் உண்டு. நான் மறுக்கும் வாசிப்பு இவ்விரண்டையும் இப்படிச் சேர்க்கிறது: விசைகள் தரப்பட்டிருந்தால்தான் ஐந்தின் மேல் புள்ளி கடமை, கண்ணாடித் திரையில் விசையே இல்லை, ஆகவே கடமையும் இல்லை. பொதுக் கூற்றைப் பொறுத்தவரை தொடுகை ஒரு வழி மட்டுமே. பேச்சு இன்னொரு வழி. பேச்சு இருந்தால் கதை முடிந்தது.

முதல் பாதிக்கு விடை எளிது. ஒரு தனிக் கூற்றின் நிபந்தனை பொதுக் கூற்றின் கடமையைக் குறைக்காது. விசை இருந்தால் புள்ளி வை என்பதற்கு விசையை எடுத்துவிட்டால் விடுதலை என்று பொருளில்லை. விசையை எடுத்த பின்பும் பிரித்தறியும் வழியைத் தரும் கடமை 5.5.2இன்படி அப்படியே நிற்கிறது. இரண்டாம் பாதிதான் கவனிக்க வேண்டியது. அந்த வாசிப்பு ‘பார்வையின் தேவையின்றி’ என்ற தொடரில் நின்றுவிடுகிறது. ‘செயலை நிகழ்த்திவிடாமல்’ என்ற தொடருக்கு வேலை தருவதில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது? ஏடிஎம்மின் விசைப்பலகையில் ஒரு பார்வையற்றவரின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். நடுவிரல் முதலில் ஐந்தின் மேலுள்ள சிறு புடைப்பைத் தேடுகிறது. அது அகப்பட்டதும் மேலே இரண்டு, கீழே எட்டு, அதற்கும் கீழே பூஜ்யம் என்று முழுப் பலகையும் கைக்குள் வந்துவிடுகிறது. பக்கவாட்டில் வட்டம் பொறித்த விசை ஏற்புக்கு, பெருக்கல் குறி பொறித்தது ரத்துக்கு. இவ்வளவு தேடியும் ஒரு விசைகூட அழுந்தவில்லை. கண்டுபிடிப்பதும் அழுத்துவதும் தனித்தனிச் செயல்கள். இரண்டுக்கும் நடுவே கைக்கு ஓர் இடைவெளி கிடைக்கிறது. தரநூல் காப்பாற்றச் சொல்வது அந்த இடைவெளியை. வழுவழுப்பான கண்ணாடி அதை அழித்துவிடுகிறது. அங்கே தொடுவதே அழுத்துவது.

2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தபோது நிகழ்ந்தது இந்த இடைவெளியை வேறு வழியில் மீட்டெடுத்ததுதான். ஒரு முறை தொட்டால் திரை பெயர் சொல்லும். இரு முறை தட்டினால்தான் செயல் நடக்கும். பெரிய சாதனை அது. பேச்சும் ஒரு வழி என்று சொல்பவர்கள் இதைச் சுட்டினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது பேச்சு ஒன்றுதான். பேச முடியாத இடத்தில் இடைவெளியும் போய்விடும். அப்படி ஓர் இடம் எங்கோ மூலையில் இல்லை. ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் இருக்கிறது. கார்டு மெஷினில் ரகசிய எண் போடும் நேரம் அது. அதே ஐரோப்பியத் தரநூல், எழுத்துகளை மறைத்துக் காட்டும் இடத்தில், தனிமையில் கேட்கும் வசதி இருந்தாலோ பயனரே வெளிப்படையாக அனுமதித்தாலோ ஒழிய, உள்ளிட்டதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்கிறது. பணப் பரிவர்த்தனைக் கருவிகளுக்கான பி.சி.ஐ. பாதுகாப்பு நெறியோ, ரகசிய எண் உள்ளிடும்போது ஒலி வந்தால் எல்லா எண்ணுக்கும் அது வேறுபாடின்றி ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் நியாயமான விதிகள். ஆனால் இவற்றைச் சேர்த்துப் படித்தால், பேச்சே போதும் என்ற வாசிப்பு எந்த இடத்தில் மிகவும் தேவைப்படுகிறதோ அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எண்ணைச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்; சொல்லாவிட்டால் விரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கடைக்காரரிடமோ கூட வந்தவரிடமோ எண்ணைச் சொல்லிப் போடச் சொல்வதுதான் மிச்சம். அன்றோடு அது ரகசிய எண்ணாக இருப்பதில்லை.

காதில் மாட்டிக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், கடைக்காரர் நீட்டும் கையடக்க மெஷினில் இயர்போன் செருக இடம் கிடைப்பது அரிது. பேசும் ஏடிஎம்மில் அந்த இடம் உண்டு, கூடவே விசைகளும் உண்டு. 2014 ஜூலை 1 முதல் நிறுவும் ஒவ்வொரு புதிய ஏடிஎம்மும் பேச வேண்டும், பிரெயில் விசைப்பலகையும் கொண்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தபோது, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அது நினைக்கவில்லை. கேள்வியைக் காது கேட்கும், விடையை விரல் சொல்லும் என்ற வேலைப் பகிர்வு அதில் இருக்கிறது. காதும் கேளாத, கண்ணும் தெரியாத மனிதர்களை இந்த விவாதம் நினைப்பதே இல்லை. அவர்களுக்குப் பேச்சு எந்த வழியையும் திறக்காது. விசை வைத்தால் செலவு கூடும் என்ற ஆட்சேபத்தில் நேரம் கழிக்க வேண்டியதில்லை. கண்ணாடி மெஷின்கள் வரும்வரை எல்லா மெஷினிலும் விசைகள்தாம் இருந்தன.

இதனால் கண்ணாடியே கூடாது என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். கண்ணாடியில் விரலுக்கு இடம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. அந்தச் சான்று என் வாசிப்பையே வலுப்படுத்துகிறது. புனேயில் பிறந்து, சிறுவயதில் பார்வையிழந்து, பின்னர் கூகுளில் பணியாற்றிய டி. வி. ராமன், சார்ல்ஸ் சென்னுடன் சேர்ந்து ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கிய எண் சுழற்றியில் விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுவே ஐந்து. அங்கிருந்து மேலே இழுத்தால் இரண்டு, கீழே இழுத்தால் எட்டு. ஏடிஎம் பலகையில் கை போடும் அதே வரைபடம் இங்கே கண்ணாடியின் இடத்தைச் சாராமல் விரலின் திசையைச் சார்ந்து நிற்கிறது. 2014இல் ஐஓஎஸ் 8இலும் 2020இல் ஆண்ட்ராய்டின் டாக்பேக்கிலும் வந்த பிரெயில் உள்ளீடும் இந்த வகைதான். போனைக் கிடையாகப் பிடித்து, திரையை வெளிப்பக்கம் திருப்பி, பக்கத்துக்கு மூன்று விரலாக ஆறு புள்ளிகளைத் தட்டுகிறார்கள். விசை எங்கே என்று விரல் தேடுவதில்லை; விரல்களின் வரிசையே விசை வரிசை. மொழிக்கு மொழி இதில் தனி வேலை இருக்கிறது என்பதும் உண்மை. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் க் என்ற மெய்யை எழுதப் புள்ளிக் குறியை முதலில் இட்டு, பிறகு ககரத்தை இடுகிறோம். யூனிகோடிலோ ககரம் முன், புள்ளி பின். தமிழ் உள்ளீட்டு நிரல் முதல் தட்டலைப் பிடித்து வைத்துக் காத்திருந்துதான் எழுத்தாக்க வேண்டும். எண்களுக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. பேச்சில்லாமலும் கண்ணாடியில் பிரித்தறிய முடியும் என்பதால், முடியாது என்ற சாக்கு கருவி செய்பவருக்குக் கிடையாது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று: 15(1)ஆம் விதியே செல்லாது என்றான பின் அதன் வழியே வந்த தரநூலை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது. விதி விழுந்தது அது அதிகம் கேட்டதால் அன்று, குறைவாகக் கேட்டதால். தாய்ச் சட்டத்தின் 42ஆம் பிரிவு விழவில்லை. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியாக ஏற்று, கேஒய்சிக்குக் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் முறைக்கு மாற்று வேண்டும் என்று பணித்தபோது, ஓர் உடலுறுப்பால் மட்டுமே கடக்கக்கூடிய வாசல் வாசலாகாது என்பதை ஏற்றுக்கொண்டது. விரலுக்கு எதையும் தராத கண்ணாடியும் அத்தகைய வாசல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காக எழுதப்படும் கட்டாய நெறிகளில், விசைகள் தரப்பட்டிருந்தால் என்ற நிபந்தனைத் தொடர் இடம்பெறக் கூடாது. ரகசிய எண் கேட்கும் எந்தக் கருவியும், பேச்சின் துணையின்றித் தொட்டே எண்களைப் பிரித்தறியும் வழியைத் தர வேண்டும் என்று எழுத வேண்டும். வரைவில் நல்சார் மையத்துக்கும் பங்கு உண்டு என்பதால் இந்த வேண்டுகோளை முதலில் ஹைதராபாத்துக்கே அனுப்புகிறேன்.