கொள்ளையர் வெட்டிய மரம், பயாப்சி கண்ணாடியில்

முழங்காலுக்குக் கீழே திட்டுத் திட்டாகச் சிவப்புப் புள்ளிகள். தடவினால் சற்றே மேடாகத் தட்டுப்படும். கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினாலும் நிறம் மறையாது. ரத்தம் குழாய்க்குள் இல்லை, கசிந்து தோலுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். தோல் மருத்துவர் நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டைத் தோண்டி எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புகிறார். சில நாளில் 'வாஸ்குலைட்டிஸ்', அதாவது ரத்தக்குழாய் அழற்சி என்று அறிக்கை வருகிறது. இந்த நடைமுறை பலருக்கும் பரிச்சயமானதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்வது இரண்டு சாயங்கள் என்பதும், அதில் ஒன்று கடற்கொள்ளையர் கைப்பட்டு வந்தது என்பதும் அவ்வளவாகத் தெரியாத கதை.

மெக்சிகோவின் யுகாட்டான் கரையிலும் இன்றைய பெலிஸிலும் சதுப்பு நிலத்தில் கோணல்மாணலாக வளரும் ஒரு முள்மரம் உண்டு. காம்பீச்சே மரம் என்பார்கள். வெட்டினால் உள்ளிருக்கும் வைரம் ரத்தச் சிவப்பாக இருக்கும். மாயா மக்கள் அதில் துணிக்குச் சாயமேற்றினார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்துச் சாயக்காரர்களுக்கு அதைத் துணியில் நிலைக்க வைக்கும் பக்குவம் பிடிபடவில்லை, சாயம் வெளுத்தது. 1581இல் எலிசபெத் அரசியின் நாடாளுமன்றம் அந்த மரத்துக்கே தடை போட்டது. தடை நீங்க 1662 ஆயிற்று.

அதற்குள் சாயக்காரர்கள் பக்குவத்தைக் கற்றுக்கொண்டார்கள், விலையும் ஏறிவிட்டது. செய்தி எட்டாதவர்கள் கொள்ளையர்கள்தான். ஜேம்ஸ் என்ற கப்பல் தலைவர், மரம் ஏற்றிய ஸ்பானியக் கப்பல் ஒன்றைப் பிடித்து, ஊர் திரும்பும் வழியெல்லாம் சரக்கை விறகாக எரித்துக்கொண்டே வந்தாராம். இங்கிலாந்தில் இறங்கி மிச்சத்தை விற்றபோதுதான் எதை அடுப்பில் போட்டோம் என்று அவருக்கு உறைத்தது. இதை எழுதி வைத்தவர் வில்லியம் டாம்பியர். அவரே 1670களில் காம்பீச்சே வளைகுடாவில் இடுப்பளவு சேற்றில் நின்று மரம் வெட்டியவர். கப்பலை மடக்குவதைவிட மரத்தை வெட்டுவது லாபம் என்று கண்ட கொள்ளையர் பலர் கரையில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்பு வளர்ந்து பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆனது, பிறகு பெலிஸ் ஆனது. பெலிஸின் கொடியில் இன்றும் இரண்டு மரவெட்டிகள் நிற்கிறார்கள். கோடரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

1810இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் அந்த வைரத்திலிருந்து ஹீமடாக்ஸிலினைப் பிரித்தெடுத்தார். 1863இல் வால்டையர் அதை உடல் திசுவில் பூசிப் பார்த்தார்; எடுபடவில்லை. இரண்டு வருடம் கழித்து போமர் அதனுடன் படிகாரத்தைச் சேர்த்தார். சவரக்கடையில் வெட்டுக்காயத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். துணிச் சாயக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததை ஆய்வகம் காப்பியடித்தது, அவ்வளவே. செல்லின் உட்கரு கருநீலமாகத் துலங்கியது.

இரண்டாவது சாயமான இளஞ்சிவப்பின் கதை ஜெர்மனியில் நடக்கிறது. 1871இல் அடால்ஃப் பேயர் ஃப்ளூரசின் என்ற பச்சையாய் ஒளிரும் பொருளைத் தயாரித்தார். 1874இல் பிஏஎஸ்எஃப் கம்பெனியின் ஹென்ரிச் காரோ அதில் புரோமினை ஏற்றி இயோசினைச் செய்தார். பட்டுத்துணியில் அப்படியொரு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. கம்பெனி செய்முறையை மூடி வைத்தது. 1875இல் பெர்லின் பேராசிரியர் ஹாஃப்மன் அதைப் பகுத்து, உள்ளே இருப்பது இன்னதென்று அச்சிலேயே போட்டுவிட்டார். ஜெர்மனி முழுமைக்குமான காப்புரிமைச் சட்டம் வந்ததே 1877இல்தான். போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இயோசின் மலிந்தது. 1876இல் விசோவ்ஸ்கி மரச்சாயத்தையும் இயோசினையும் ஒரே திசுவில் பூசினார். அந்த ஜோடியை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

பயாப்சிக்குத் தேவையான மற்ற இரண்டும் வேறு வேலைக்குப் பிறந்தவை. தோலை வட்டமாகத் தோண்டும் 'பஞ்ச்', 1887இல் நியூயார்க் மருத்துவர் கீஸ் அறிமுகப்படுத்தியது. முகத்தில் புதைந்த வெடிமருந்துத் துகளை எடுக்க அவருக்கு அது உதவியது. ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்த ஃபிராங்க்ஃபர்ட்டின் ஃபெர்டினாண்ட் புளும், தன் விரல் நுனித் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். விரல் விறைத்தால் திசுவும் விறைக்குமே என்று தோன்றியது. 1893 முதல் பயாப்சித் துண்டுகள் ஃபார்மலினில் மிதக்கின்றன.

இப்போது அந்தச் சிவப்புப் புள்ளியை ஸ்லைடில் பார்ப்போம். தோலின் உள்ளடுக்கின் மேற்பகுதியில் முடியிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். அவற்றின் சுவரில் பளிச்சென்ற இளஞ்சிவப்புப் படிவு. சுவர் செத்து ஃபைப்ரின் புரதம் தேங்கியதன் அடையாளம், இயோசின் காட்டுவது. சுற்றிலும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள், அவற்றில் பல உடைந்து சிதறிய கருநீலத் தூள், மரச்சாயம் காட்டுவது. வெளியே கொட்டிக்கிடக்கும் சிவப்பணுக்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் பேத்தாலஜிஸ்ட் தயங்குவதில்லை. ஆனால் என்ன நோய் என்று சொல்லுமே தவிர, ஏன் வந்தது என்று இந்த ஸ்லைடு சொல்லாது.

காரணங்களில் ஒன்று 1933இல் பால்டிமோரில் தலைகாட்டியது. வின்ட்ரோபும் பூயெலும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் சீரத்தைக் குளிரில் வைத்தபோது அதில் ஏதோ உறைந்து படிந்தது, சூடாக்கினால் கரைந்தது. 1947இல் லெர்னரும் வாட்சனும் அதற்கு கிரையோகுளோபுலின் என்று பெயரிட்டார்கள். குளிரில் திரளும் இந்த ஆன்டிபாடிப் புரதம் ஒற்றை வகையாக இருந்தால் குழாயை வெறுமனே அடைக்கும். ஸ்லைடில் இளஞ்சிவப்பு அடைப்பு இருக்கும், அழற்சி அதிகம் இருக்காது. கலப்பு வகையாக இருந்தால் மேலே சொன்ன முழு அமர்க்களமும் நடக்கும். சிவப்புப் புள்ளி, மூட்டுவலி, அசதி ஆகிய மூன்றையும் 1966இல் மெல்ட்சர் குழுவினர் ஒன்றாகக் கோத்தார்கள். மூலகாரணம் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் என்பது, 1989இல் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகே தெரிந்தது.

குழாய்ச் சுவரில் படிந்திருப்பது எந்த ஆன்டிபாடி? இங்கேதான் பேயரின் ஃப்ளூரசின் திரும்பி வருகிறது. இடையில் அது செய்த வேலை வேறு: 1877இல் டான்யூப் ஆற்றுநீர் மண்ணுக்குள் மறையும் இடத்தில் பத்துக் கிலோவைக் கொட்டினார்கள், ஏறக்குறைய அறுபது மணி நேரத்தில் ஆஹ் ஊற்று பச்சையாய்ப் பொங்கியது. டான்யூப் நீர் திருட்டுத்தனமாக ரைனுக்குப் போவது அம்பலமானது. 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் ஆல்பர்ட் கூன்ஸ் அதே சாயத்தை ஆன்டிபாடியில் ஒட்டவைத்தார். முதலில் அவர் எடுத்த சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுவும் இயல்பாகவே நீலமாக ஒளிர்வதால் குழப்பம், அதனால்தான் பச்சைக்கு மாறினார். இன்று இருட்டறையில் குழாய்ச் சுவரில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி பச்சையாய் ஒளிர்ந்தால் ஒரு நோய்; ஐஜிஎம் ஆன்டிபாடியும் சி3 புரதமும் ஒளிர்ந்தால் கிரையோகுளோபுலின் பக்கம் சந்தேகம் திரும்பும். இயோசினும் அதன் தாயான ஃப்ளூரசினும் ஒரே நோயாளியின் இரண்டு தோல் துண்டுகளில் வேலை செய்கின்றன.

ஆனால் இந்தச் சாட்சிகள் சீக்கிரம் கலைபவை. சாதாரண ஸ்லைடுக்கு ஒன்றிரண்டு நாள் வயதான புள்ளி வேண்டும். ஒளிரும் சோதனைக்கு அதைவிடப் புதியது நல்லது, அந்தத் துண்டை ஃபார்மலினில் போடவும் கூடாது. கிரையோகுளோபுலினுக்கு எடுக்கும் ரத்தம் உறைந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரி சூட்டிலேயே இருக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால் புரதம் கட்டியோடு அடியில் தங்கிவிடும், அறிக்கையில் 'இல்லை' என்று வரும். எனவே அழுத்தினால் மறையாத புள்ளிகள் காலில் கிளம்பினால், தானாகப் போகட்டும் என்று ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். புள்ளி புதிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் எடுக்கும் இடத்தில் சூடு குறையாமல் அனுப்புகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.