“இந்த மாடல் இப்படித்தான் சார்” – பிரேக் புகார்களின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

கடந்த நாலைந்து வருடங்களில் நம் உறவுகளிலும் என் பழைய மாணவர்களிலும் எஸ்யூவி வாங்கியவர்கள் பலர். பெரிய வண்டி, குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போக வசதி. சந்தோஷம். ஆனால் சமீபத்தில் இரண்டு பேர் என்னிடம் பிரேக் பற்றிச் சொன்னார்கள். ஒருவர் வண்டியில் சில சமயம் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதாம். இன்னொருவர் வண்டி, எதிரே ஒன்றுமே இல்லாத சாலையில் தானாகவே பிரேக் போட்டதாம். இருவருக்கும் சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில் ஒன்றுதான்: “இந்த மாடல் இப்படித்தான் சார், பழகிடும்.”

இந்தப் பதிலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதல் புகார்தாரரிலிருந்து ஆரம்பிப்போம். 1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். அந்த வண்டியின் பிரேக் என்பது சக்கரத்தோடு உராயும் கட்டைதான். மலைப்பாதை இறக்கங்களில் கட்டை தேய்ந்துபோனது. பெர்த்தா வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டையின்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை இது. ஊர் திரும்பியதும், மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றும் கணவரிடம் சொன்னார். அவரும் மறுக்காமல் செய்தார். வண்டியைச் செய்தவரும் புகார் சொன்னவரும் ஒரே வீட்டில் இருந்ததால் காரியம் சுலபமாக முடிந்தது. பிறகு வந்த காலத்தில் அந்த இரண்டு பேருக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனது.

ஆரம்ப கால கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. வகுப்பில் இரண்டு ஊசிக்குழாய்களை ரப்பர் குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றொன்று மேலே வருவதைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பாஸ்கல் விதி. அதுதான் உங்கள் காலடியில் இன்றும் வேலை செய்கிறது. தண்ணீருக்குப் பதிலாக பிரேக் ஆயில்.

இந்த நாலு சக்கர பிரேக் வந்த புதிதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கார்களின் பின்னால் சிவப்பு முக்கோணம் ஒன்றை மாட்டிவைத்தார்கள். ‘இந்த வண்டி சட்டென்று நின்றுவிடும், இடைவெளி விட்டு வா’ என்று பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை. நன்றாக நிற்கும் வண்டியும் பின்னால் வருபவருக்கு ஆபத்தாகலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி முக்கியமான இடம். 1953ஆம் வருட மாடல் ப்யூக் காரில் பவர் பிரேக் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வண்டி. அதில் ஒரு சின்ன ரப்பர் வளையம் சரியில்லை. அதன் வழியே பிரேக் ஆயில் கசிந்து போய், முன்னறிவிப்பே இல்லாமல் பிரேக் பிடிக்காமல் போனது. உரிமையாளர்களிடமிருந்து தகவல் வர ஆரம்பித்ததும் கம்பெனிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்கள்? டீலர்களுக்கு மட்டும் சொன்னார்கள். அந்த மாடல் வண்டி சர்வீஸுக்கு வந்தால் பாகத்தை மாற்றிவிடுங்கள் என்றார்கள். வீட்டில் வண்டியை வைத்திருந்தவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

1954இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் பிரேக் பிடிக்காத ப்யூக்கை டீலரிடம் கொண்டுவந்து விட்டார். பிரேக் இல்லை என்று தெளிவாகச் சொல்லியும் விட்டார். ஆனால் அங்கே இருந்த மெக்கானிக் ஒருவர் அதை மறந்து வண்டியை எடுத்தார். வண்டி நிற்கவில்லை. அங்கே வேலை பார்த்த இன்னொருவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சிக்கி அவர் கால் நசுங்கியது. அவர் வழக்குப் போட்டார். தப்பு அந்த மெக்கானிக்குடையது என்றது கம்பெனி. கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் 1959இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், குறை இருப்பது தெரிந்த பிறகு வாங்கியவர்களை எச்சரிக்க வேண்டியது தயாரித்தவரின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. உயிருக்கு ஆபத்தான ஒன்று தெரிந்தும் மௌனமாக இருப்பது குற்றம் என்ற எளிய நீதி, சட்டப் புத்தகத்தில் ஏற ஒரு மனிதரின் கால் விலையாக வேண்டியிருந்தது.

1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ப்யூக் கதையும் அதில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் அவர்மேல் துப்பறிவாளர்களை ஏவியது. விஷயம் வெளியே வந்ததும், 1966 மார்ச்சில் கம்பெனித் தலைவரே செனட் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறை தெரிந்தால் உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டமானது. 1970இல் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தனி அமைப்பாக உருவானது. 1974 திருத்தத்தில், கம்பெனி தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இன்று ‘ரீகால்’ என்று நாம் பேசுவதெல்லாம் இப்படி வந்ததுதான்.

“அப்படியானால் புகார் சொல்பவர் எப்போதும் சரியா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1980களில் ஆடி 5000 என்ற கார். பார்க்கிங்கிலிருந்து கியர் மாற்றியதும் வண்டி தானாகப் பாய்கிறது, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தும் நிற்கவில்லை என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானவர்கள் சொன்னார்கள். உயிர்ப்பலியும் நடந்தது. 1986 நவம்பரில் தொலைக்காட்சியில் பெரிய நிகழ்ச்சி வந்தது. ஆடி விற்பனை 1985இல் 74,000க்கு மேல் இருந்தது, 1991இல் சுமார் 12,000க்கு வந்துவிட்டது. 1989இல் வந்த அரசு ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள். இன்ஜின் வேகம் திடீரென்று கூடும் ஒரு கோளாறும் அவர்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம், பெடல்களின் அமைப்பும் ஒரு காரணமாகலாம் என்றது.

ஆக, காரணத்தைப் பற்றி அவர்கள் நினைத்தது தவறு. ஆனால் புகார் வீண்போகவில்லை. பிரேக்கை மிதித்தால்தான் ‘பார்க்’ நிலையிலிருந்து கியர் நகரும் என்ற பூட்டு ஆடியில் வந்து, பிறகு எல்லா ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் பொதுவானது. உங்கள் ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்று அதைத்தான் தினமும் செய்கிறீர்கள். நோயாளி சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம், வலி பொய்யாகாது. நல்ல வைத்தியர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்.

இதற்கிடையில் பிரேக்கும் மாறிப்போனது. 1978இல் பாஷ் கம்பெனியின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் வந்தது. வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஒரு நொடிக்குள் பல தடவை பிடித்துப் பிடித்து விடும். அப்போது காலுக்கடியில் பெடல் அதிரும். அது கோளாறு அல்ல. காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ‘இந்த மாடல் இப்படித்தான்’ என்ற பதில் உண்மையிலேயே பொருந்தும் இடங்களில் இது ஒன்று. அதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஹைபிரிட் வந்தபோது இன்னொரு சிக்கல். அதில் வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரும் ஹைட்ராலிக் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2009இல் வந்த புது டொயோட்டா பிரியஸில், மேடு பள்ளத்திலும் வழுக்கலிலும் ஒரு கணம் பிரேக் விட்டுப்போவதுபோல இருக்கிறது என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உரிமையாளர்கள் சொன்னார்கள். 2010 பிப்ரவரி 4 அன்று கம்பெனி அதிகாரி, அது ஓட்டுபவரின் உணர்வு சம்பந்தப்பட்டது என்ற பொருளில் விளக்கம் சொன்னார். ஆனால் ஜனவரியிலிருந்தே தொழிற்சாலையில் புதிதாகச் செய்யும் வண்டிகளுக்கு மென்பொருளை மாற்றிவிட்டார்கள்! ஐந்தே நாளில், பிப்ரவரி 9 அன்று, உலகம் முழுவதும் சுமார் 4,37,000 ஹைபிரிட் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது.

இப்போது குடும்ப எஸ்யூவிக்கு வருவோம். முன்னால் உள்ளதை ரேடாரும் கேமராவும் பார்த்து, மோதப்போகிறது என்று கணித்தால் வண்டி தானே பிரேக் போடும் வசதி பத்து வருடங்களாகப் பரவி வருகிறது. எத்தனையோ உயிர்களைக் காக்கும் நல்ல வசதி. ஆனால் இல்லாத தடையை இருப்பதாக நினைத்துக்கொண்டால்? அமெரிக்காவில் 2017, 2018 மாடல் நிசான் ரோக் வண்டிகளைப் பற்றி அப்படிப் புகார்கள் வந்தன. ரயில்வே கிராசிங், பாலம், தாழ்வான சிக்னல் இவற்றின் அருகே வண்டி தானே நின்றது. 2019இல் சுமார் 5.5 லட்சம் வண்டிகள்மேல் விசாரணை தொடங்கியது. கம்பெனி மென்பொருளை மாற்றித் தந்தது, ஆனால் அப்போது அதை ரீகால் என்று அறிவிக்கவில்லை.

அடுத்து ஹோண்டா சிஆர்-வி. 2022 பிப்ரவரியில், 2017 முதல் 2019 வரையிலான சிஆர்-வியும் அக்கார்டும் சேர்த்து சுமார் 17 லட்சம் வண்டிகள்மேல் விசாரணை. அப்போது 278 புகார்கள். 2024 ஏப்ரலில் விசாரணையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனபோது வண்டிகளின் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது, புகார்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. சிவப்பு முக்கோணத்தைச் சொன்னேனே, அந்த ஆபத்து இங்கேதான். நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் வண்டி நின்றால் பின்னால் வருபவர் வந்து இடிப்பார். சில வாடிக்கையாளர்களுக்கு அந்த வசதியைப் பற்றிய புரிதல் போதாமல் இருக்கலாம் என்பது கம்பெனி சொன்ன விளக்கங்களில் ஒன்று. 2010இல் ‘உணர்வு’, இப்போது ‘புரிதல்’. வார்த்தை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விசாரணை என்பதே தீர்ப்பாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விசாரணையே 278 பேர் எழுதி வைத்ததால்தான் தொடங்கியது.

நம் நாட்டு நிலவரம்? 2012இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தாங்களாகவே ரீகால் செய்வோம் என்று ஒரு நெறிமுறை வகுத்தது. சட்டக் கட்டாயம் இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு வந்தது, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில், ஒரே குறையைப் பற்றி விதிக்கப்பட்ட அளவுக்கு மேல் உரிமையாளர்கள் புகார் செய்தால், மத்திய அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. புகாரைப் பதிய ‘வாகன்’ இணையதளத்தில் வழி செய்திருக்கிறார்கள்.

கவனியுங்கள் பிள்ளைகளே, இங்கே எண்ணிக்கைதான் பேசும். டீக்கடையில் சொன்னதும், சர்வீஸ் அட்வைசரிடம் வாய்விட்டுப் புலம்பியதும் எண்ணிக்கையில் சேராது. இந்தத் திறன் உள்ள எஸ்யூவிகள் 2020க்குப் பிறகு நம் சாலைகளிலும் ஓடுகின்றன. நம் சாலையில் மாடு குறுக்கே வரும், டூவீலர் தப்பான பக்கம் வரும். பின்னால் மணல் லாரி ஒட்டிக்கொண்டு வரும்.

ஆகவே வாத்தியாராக ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று, வண்டிப் புத்தகத்தில் பிரேக் பகுதியைப் படியுங்கள். எது இயல்பு, எது கோளாறு என்று பாதி அதிலேயே தெரியும்.

இரண்டு, சந்தேகம் வந்த அன்றே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், இடம், வேகம், மழையா வெயிலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டேஷ்போர்டில் என்ன விளக்கு எரிந்தது. “பிரேக் சரியில்லை” என்பது புலம்பல். “60இல் போனபோது மேம்பாலத்துக்கு அடியில் தானே பிரேக் போட்டது, இது மூன்றாவது தடவை” என்பது சாட்சியம்.

மூன்று, ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். “ஒன்றுமில்லை” என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான்கு, பெடல் ஆழமாகப் போகிறது, ஆயில் குறைகிறது, பிரேக் விளக்கு அணையவில்லை என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஐந்து, தீரவில்லை என்றால் கம்பெனிக்கும் அரசு இணையதளத்துக்கும் எழுதுங்கள். உங்கள் ஒருவர் புகாரால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். அந்த 278இல் ஒவ்வொருவரும் அப்படி நினைத்திருக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் நிற்கும் தம்பியிடம் கோபப்பட வேண்டாம். அவர்களில் சிலர் நம் மாணவர்களே. மேலிருந்து என்ன சொல்லச் சொன்னார்களோ அதைத்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருக்காவது இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், எல்லோருக்கும் பயன்படும். பிள்ளைகளைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்