வாசிப்பு நாளும் வாசிக்கும் மொழியும்

பள்ளி மாணவரிடையே வாசிப்பை வளர்க்கும் நோக்குடன் நடத்தப்பெறும் நூற்கண்காட்சி, உறுதிமொழி, வாசிப்புப் போட்டி, நூல் அறிமுகக் கூட்டம் முதலியன இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் கல்வியாண்டு நிகழ்ச்சிகளில் இடம்பெறுகின்றன. இவற்றுக்குரிய நாள்கள் சான்றோர் ஒருவரின் பிறந்தநாளையோ நினைவுநாளையோ ஒட்டி அமைவதால், இவை அண்மைக்கால அரசு அறிவிப்புகளின் விளைவு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின் இம்முயற்சிகளின் வேர் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. பரோடா, கேரளம், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய மூன்று களங்களில் அவ்வரலாற்றை நோக்கி, குழந்தையின் மொழியில் நூல் கிடைத்த அளவிற்கே இந்நிகழ்ச்சிகள் பயன்தர இயலும் என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. பரோடா: பெட்டியில் சென்ற நூல்கள்

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906இல் தம் சமஸ்தானம் முழுமைக்கும் கட்டாயத் தொடக்கக்கல்வியை விரிவுபடுத்தினார். பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன் படிக்க நூலின்றிச் சில ஆண்டுகளில் அதனை மறந்துவிடுவான் என்ற சிக்கல் உடனே எழுந்தது. இதற்குத் தீர்வாக அமெரிக்க நூலகரான வில்லியம் ஆலன்சன் போர்டன் 1910இல் வரவழைக்கப்பெற்றார். நடுவண் நூலகம், அதிற் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி, ஊர்தோறும் மரப்பெட்டிகளில் நூல்களைச் சுற்றுக்கு அனுப்பும் நடமாடும் நூலகம் ஆகியன உருவாயின. நூலகத்துறையின்கீழ்க் காட்சிவழிக் கல்விப் பிரிவு ஒன்றும் இயங்கியது. படவிளக்குக் காட்சிகளாலும் திரைப்படங்களாலும் மக்களைக் கூட்டி, அறிவுத்தாகத்தைத் தூண்டுவது அதன் பணி. இன்றைய வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி என இதனைக் கொள்ளலாம்.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இங்குக் கருதத்தக்கது மற்றொன்று. நூலகத்தோடு நின்றுவிடாது, குஜராத்தியிலும் மராத்தியிலும் நூல்களை எழுதுவிக்கவும் மொழிபெயர்ப்பிக்கவும் மன்னர் பொருளுதவி செய்தார். சயாஜி சாகித்தியமாலை என்னும் வரிசையும் சிறார்க்கான சயாஜி பால ஞானமாலை என்னும் வரிசையும் அவ்வகையில் வெளிவந்தன. கூட்டம் கூட்டுதல், நூலைக் கொண்டு சேர்த்தல், நூலை அம்மொழியில் ஆக்குதல் என்னும் மூன்றும் ஒரே ஆட்சியின்கீழ் ஒருங்கே நடைபெற்றமையே பரோடாவின் தனிச்சிறப்பு எனலாம்.

2. கேரளம்: நூலகத்தின் பின்வந்த நாள்

பரோடாவில் மன்னரின் ஆணையால் நிகழ்ந்தது திருவிதாங்கூரில் மக்கள் முயற்சியால் நிகழ்ந்தது. நீலம்பேரூரைச் சேர்ந்த பி.என். பணிக்கர் (1909-1995) பள்ளி ஆசிரியர். 1926இல் தம் ஊரில் சனாதன தர்மம் என்ற பெயரில் நூலகம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1945இல் 47 உள்ளூர் நூலகங்கள் இணைந்து திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் உருவானபோது அதன் இயக்குவிசையாக விளங்கியவரும் அவரே. 1956இல் கேரள மாநிலம் அமைந்தபின் சங்கத்தின் எல்லை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ‘வாசித்து வளர்க’ என்னும் பொருள்பட அமைந்த முழக்கத்தை இவ்வியக்கம் சிற்றூர்களுக்கு எடுத்துச் சென்றது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது சங்கத்திற்குக் கிட்டியது.

மலபார்ப் பகுதியின் வரலாறு சற்று வேறானது. அப்பகுதி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தமையால், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று. எனவே ஒரே மொழி பேசும் மக்களிடையே, தெற்கில் தன்னார்வச் சங்கமும் வடக்கில் சட்டவழி நூலக ஆணைக்குழுவும் என இருவேறு அமைப்புகள் நிலவின. 1989ஆம் ஆண்டுக் கேரளப் பொது நூலகச் சட்டமே மாநிலம் முழுமைக்கும் பொதுவான அமைப்பைத் தந்தது.

பணிக்கர் 1995 ஜூன் 19இல் மறைந்தார். மறு ஆண்டு முதல் அந்நாள் ‘வாயனாதினம்’ எனக் கேரளப் பள்ளிகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. அதனைத் தொடர்ந்து ஒரு வாரம் வாசிப்பு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் இந்நாள் வருவதால், அன்று தொடங்கும் பழக்கத்தை ஆண்டு முழுவதும் தொடர வாய்ப்புண்டு. சங்கம் தோன்றியது 1945இல். நாள் அறிவிக்கப்பட்டது 1996இல். ஐம்பது ஆண்டுகள் ஊர்தோறும் நூல்கள் சேர்ந்த பின்னரே அவற்றை நோக்கிச் சிறுவரை அழைக்கும் விழா வந்தது. அவ்விழாவில் உறுதிமொழி எடுத்த மாணவன் மாலையில் நடந்துசெல்லும் தொலைவில் நூலகம் ஒன்று இருத்தல் கூடும் என்ற நிலையே அதன் பின்புலவலிமை.

3. பல மொழிகளில் ஒரு நூல்

மாநில எல்லையைக் கடந்த முயற்சி 1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்டினுடையது. 1969இல் தொடங்கிய நேரு பால புஸ்தகாலயம் என்னும் வரிசை, ஒரே நூலைக் குறைந்த விலையில் இந்திய மொழிகள் பலவற்றில் சிறார்க்கு வழங்க முற்பட்டது. 1993இல் நிறுவப்பெற்ற தேசியக் குழந்தை இலக்கிய மையம் பள்ளிகளில் வாசகர் மன்றங்கள் அமைவதை ஊக்குவித்தது. நவம்பர் 14 முதல் 20 முடியத் தேசியப் புத்தக வாரம் நடத்தப்பெறுகிறது.

இவ்வகை நூல்களின் மொழிபெயர்ப்பில் சிறப்பான இடர்ப்பாடுகள் உள. படமும் பக்க அமைப்பும் எல்லா மொழிகளுக்கும் பொதுவாதலின், மொழிபெயர்ப்பு படத்தருகே ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்கியாக வேண்டும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொற்கள் நீள்வதால், இளஞ்சிறார் நூலில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அமைதல் உண்டு. நூலைப் பள்ளி நிகழ்ச்சியில் உரக்க வாசிக்கும்போது இக்குறை வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலப்படாத நீண்ட தொடர் குழந்தையின் நாவில் தடுக்குகிறது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளி கேட்போர் முகத்தில் தெரிகிறது. ஆகவே, உரத்த வாசிப்பு நிகழ்ச்சி மாணவனுக்கு மட்டுமன்றி மொழிபெயர்ப்புக்கும் ஒரு தேர்வு என்பது பொருந்தும்.

4. நாள்களின் பரவல்

இந்நூற்றாண்டில் இத்தகைய நிகழ்ச்சிகள் விரைந்து பெருகின. 2010இல் குஜராத் தன் மாநிலப் பொன்விழாவையொட்டி ‘வாஞ்சே குஜராத்’ இயக்கத்தை நடத்தியது. 2015 முதல் மகாராஷ்டிரம், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பிறந்தநாளான அக்டோபர் 15ஐ ‘வாசன் பிரேரணா திவஸ்’ எனக் கொண்டாடுகிறது. 2017இல் கேரளத்தின் ஜூன் 19 தேசிய அளவிலும் வாசிப்பு நாளாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இப்பெயர்களை ஒப்புநோக்குதல் பயனுடையது. மலையாள ‘வாயன’, மராத்தி ‘வாசன்’, குஜராத்தி ‘வாஞ்சன்’ ஆகியன பாடம் பயில்வதினின்றும் வேறான வாசிப்புச் செயலையே முதன்மையாகச் சுட்டுகின்றன. தமிழில் ‘படித்தல்’ என்னும் சொல் பள்ளியிற் பயில்வதையும் நூல் வாசிப்பதையும் ஒருங்கே குறிக்கும். ‘படி’ என்று சொல்லும்போது தமிழ்க் குழந்தை தேர்வையே நினைப்பதற்கு இப்பொருள் மயக்கமும் ஒரு காரணமாகலாம். பொழுதுபோக்காக நூல் பயில்வதற்கு ‘வாசிப்பு’ என்ற சொல் இன்று பெருவழக்காகி வருவது இவ்வேறுபாட்டின் தேவையை உணர்த்துகிறது.

இவற்றினின்று சற்று விலகிய முயற்சி, பிரதம் புக்ஸ் 2012இல் தொடங்கிய ‘ஒரு நாள் ஒரு கதை’ இயக்கம். ஒரே கதையைத் தன்னார்வலர் பலர் பல மொழிகளில் சிறாரிடம் வாசித்துக்காட்டும் ஏற்பாடு இது. இங்கு நிகழ்ச்சிக்கு முன்பே மொழிபெயர்ப்பு நிகழ்ந்தாக வேண்டியிருந்தது. 2015இல் அந்நிறுவனம் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம், திறந்த உரிமத்தின்கீழ் எவரும் கதைகளை மொழிபெயர்க்க வழிசெய்ததால், சிறுபான்மை மொழிகளும் இவ்வட்டத்துள் வர இயன்றது.

5. விடுபடும் குழந்தை

மேற்கண்ட வரலாற்றில் அடிக்கடி விடுபடுவது, பள்ளிமொழியைத் தன் வீட்டுமொழியாகக் கொள்ளாத குழந்தை. கேரளத்திலேயே காசர்கோட்டில் கன்னடவழியிலும் இடுக்கி, பாலக்காட்டு எல்லைகளில் தமிழ்வழியிலும் பயில்வோர் உளர். அட்டப்பாடியின் இருளர், வயநாட்டின் பணியர் ஆகியோரின் பேச்சுமொழிகளோ அச்சிட்ட சிறார் நூல்களை மிகக் குறைவாகவே கண்டவை. இக்குழந்தைகளுக்கு மலையாள நூல் மட்டுமே அடுக்கப்பட்ட கண்காட்சி வாசிப்புக்கான அழைப்பாக அமைவதரிது. தன் மொழிக்கு நூலில்லை என்ற செய்தியையே அது அறிவிக்கும்.

ஆகவே, பள்ளியில் வாசிப்பு விழாவைத் திட்டமிடுவோர் மேடைக்கும் பரிசுக்கும் முன்னதாக மூன்றனை ஆராய்தல் வேண்டும். வகுப்பில் எத்தனை வீட்டுமொழிகள் வழங்குகின்றன. அவற்றில் உரக்க வாசிக்கத்தக்க நூல்கள் எவை. விழா முடிந்த மறுநாள் அந்நூல்கள் குழந்தையின் கைக்கு எட்டுமா என்பன அவை. முதல் வினா மொழியியலாரையும், இரண்டாவது மொழிபெயர்ப்பாளரையும், மூன்றாவது நூலகரையும் வேண்டி நிற்கிறது. பரோடா இம்மூன்றனையும் ஒருங்கே மேற்கொண்டது. கேரளம் மூன்றாவதை அரைநூற்றாண்டில் கட்டியெழுப்பியது. இனிவரும் வாசிப்பு நாள்களின் பயன், முதலிரண்டையும் எவ்வளவு விரைவில் நிறைவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும்.