முந்திப் பிறந்த பாட்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து பெங்களூர் செல்லும் லாரிகள், காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் தாமல் என்னும் சிற்றூரைக் கடக்கின்றன. இசையரசி டி. கே. பட்டம்மாளின் பெயரில் முன்நிற்கும் எழுத்து அவ்வூரைக் குறிப்பதே.

1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அவ்வம்மையார் குருகுலவாசம் செய்தவர் அல்லர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே ஞானத்தைப் பெருக்கிக்கொண்டார். அந்தணர் குலப் பெண்கள் மேடையேறிப் பாடுதல் வழக்கமில்லாத காலம் அது. ராகம் தானம் பல்லவியோ ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. அவர் மேடையும் ஏறினார், பல்லவியும் பாடினார்.

திரைப்படத்தில் நாட்டுப்பற்றும் தெய்வபக்தியும் பொருந்திய பாடல்களையே பாடுவதென உறுதி பூண்டிருந்தார். 1947 ஜனவரியில் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியாரின் சுதந்திரப் பள்ளைப் பாடினார். விடுதலை வந்தே விட்டதாகக் களிகூரும் பாட்டு அது. எழுதிய கவிஞரோ 1921-இலேயே மறைந்தார். படம் வந்தபொழுதும் அந்நியர் ஆட்சி நீங்கவில்லை. ஏழு திங்கள் கழிந்தன. விடுதலை பிறந்த அந்த ஆகஸ்டு இரவில், சென்னை வானொலியில் அதே பாட்டை அதே குரல் பாடிற்று. கவிஞன் கண்ட கனவு அன்று நாட்டுச் செய்தியாயிற்று.

1949-இல் பாரதி பாடல்களின் உரிமையை அரசு பெற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. பட்டம்மாள் 2009-இல் மறைந்தார். ஆயினும் அவர் குரல் இசைத்தட்டில் நிலைத்திருக்கிறது. இனி அதனைக் கேட்கும்பொழுது, பாட்டு எழுதப்பட்ட காலத்தையும் பாடப்பட்ட ஆண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இடையில் நின்ற காத்திருப்பே நம் வரலாறு.